ஆஜரான பிணம்

செத்தவரை விட்டுவிடுவது நீதிக்கு அழகல்ல. கி.பி. 897இல் ரோமில் இதை நிலைநாட்டியவர் போப் ஆறாம் ஸ்டீபன். முன்னாள் போப் ஃபார்மோசஸ் இறந்து மாதங்கள் ஆகியிருந்தன. அதனால் என்ன? பிணத்தைத் தோண்டியெடுத்து, திருவுடை அணிவித்து, நாற்காலியில் உட்காரவைத்து விசாரித்தார். வாய்தா கேட்காத, நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொள்ளாத உத்தமக் குற்றவாளி! பிணத்தின் சார்பில் பதில் சொல்ல ஒரு திருத்தொண்டர் வேறு. (இலவச சட்ட உதவி அன்றே இருந்திருக்கிறது, பாருங்கள்.)

மாஸ்கோவில் இந்த ஒழுங்குகூட இல்லை. 2009இல் சிறையில் இறந்த செர்கேய் மாக்னிட்ஸ்கியை 2013இல் வரி ஏய்ப்புக் குற்றவாளி என்றார்கள். கூண்டில் ஆளே இல்லை.

ஃபார்மோசஸ் மீதான முக்கியக் குற்றம், வேறோர் ஊர் ஆயராக இருந்தவர் ரோமுக்கும் ஆயரானது. தண்டனையாக மூன்று விரல்களை வெட்டினார்கள்; உடலை டைபர் ஆற்றில் எறிந்தார்கள். அவர் கொடுத்த பதவிகளும் செல்லாது. ஸ்டீபனும் அனாக்னி ஆயராக இருந்தவர்தானே என்று இழுக்காதீர்கள். அந்தப் பதவியைக் கொடுத்ததே ஃபார்மோசஸ். பதவியே செல்லாது என்றான பின் குற்றம் ஏது?

அதே ஆண்டு ஸ்டீபனைச் சிறையில் போட்டுக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். விசாரணையா? அவர்தான் உயிரோடு இருந்தாரே.