கண்ணைக் கட்டிக்கிட்டுப் படிக்கிற பய

வாரும் மருமவனே, திண்ணையில உக்காரும். கையில என்ன வழவழன்னு ஒரு நோட்டீசு? 'மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன்'. ஓஹோ! பய கண்ணைக் கட்டிக்கிட்டே பேப்பர் படிப்பானோ? நல்லதுதாம்வே, கரண்டு பில்லு மிச்சம்.

சின்னப் பிள்ளையில நீரு இதே தெருவுல கண்ணாமூச்சி ஆடயில, மூக்குத்தண்டு ஓரத்துச் சந்து வழியாப் பாத்துப் பாத்து என் மவனையே பிடிப்பீரே, மறந்துட்டா? அன்னைக்கே உமக்கு மிட் பிரெய்ன் திறந்துட்டு. நாங்கதான் விவரமில்லாம டிக்கெட்டு போடாம விட்டுட்டோம். நடுமூளை பொறக்கயிலயே வேலை பாக்க ஆரம்பிச்சிருதுவே. சத்தம் கேட்ட பக்கம் கண்ணைத் திருப்புறதெல்லாம் அது பாடு. அதைத் திறக்க எவன்கிட்டயும் சாவி கிடையாது.

என்னது, அந்த வகுப்பு மாஸ்டரு ஞாபகசக்தி விளையாட்டும் சொல்லித் தாரானா? அப்ப என் கதையக் கேளும். ஆடுபுலி ஆட்டத்துல என்னை ஜெயிக்கச் சுத்துவட்டாரத்துல ஆளு கிடையாது. 15 ஆட்டை வச்சு 3 புலியையும் அடைச்சுப் போடுவேன். அவ்வளவு மூளை! அந்த மூளையோட நிஜ ஆட்டுச் சந்தைக்குப் போனேன். தரகன் துண்டுக்குள்ள என் விரலைப் பிடிச்சான். பல்லு விழுந்த கிடாயை இளங்கிடான்னு தலையில கட்டிட்டான். கறி வைக்கும்போதெல்லாம் உங்க அத்தை இன்னைக்கும் சொல்லிக் காட்டுதா.

இதையே இங்கிலாந்துல பெரிசாச் செஞ்சு பாத்திருக்கான். சைக்காலஜி படிக்கிற பேத்தி வாசிச்சுக் காட்டினா. 11,430 பேர், 6 வாரம், கம்ப்யூட்டர்ல மூளை விளையாட்டு. 2010-ல 'நேச்சர்' பத்திரிகையில முடிவு வந்துது. ஆடுன ஆட்டத்துல எல்லாரும் தேறிட்டாங்க. வேற சோதனை வச்சா, என் கிடா கதைதான். அமெரிக்காவுல லூமாசிட்டின்னு மூளை விளையாட்டு விக்கிற ஒரு கம்பெனி. விளம்பரத்துல அளந்ததுக்கு ஆதாரம் எங்கன்னு அரசாங்கம் பிடிச்சுது. 2016-ல 20 லட்சம் டாலர் கட்டி முடிச்சுக்கிட்டான்.

அதுக்காகப் பயிற்சியே வீணுன்னு நான் சொல்லலவே. அதே 2016-ல லண்டன்காரங்க இன்னொண்ணு செஞ்சாங்க. 11 வயசுலருந்து 33 வரைக்கும் 633 பேரு. அதுல ஒரு கூட்டத்துக்கு உருவங்களைக் காட்டி, ஒண்ணுக்கொண்ணு என்ன பொருத்தம்னு கண்டுபிடிக்கிற பயிற்சி, 20 நாள் வரைக்கும். எல்லா வயசுலயும் முன்னேத்தம் இருந்துது. ஆனா யாரு அதிகமா தேறினான்னு நினைக்கீரு? உம்ம பய வயசுக்காரன் இல்ல. 16 தாண்டினவனும் வளந்த ஆளும்தான். நீரோ பயலுக்கு 13 முடியுமுன்ன கதவடைச்சிருவான்னு பஸ்ஸப் பிடிக்க ஓடுறாப்ல ஓடுதீரு.

அந்த வயசுல பய மூளை சும்மா கிடக்குன்னா நினைச்சீரு? முருங்கைக்குக் கவாத்து பண்ணுற மாதிரி, புழங்காத இணைப்பை வெட்டித் தள்ளிக்கிட்டு இருக்கு. புழங்குறதுக்கு மேல் உறை போடுது. நெத்திக்குப் பின்னால, நிதானிச்சு முடிவெடுக்கிற இடம் இருக்கே, அது முத்த இருபதும் தாண்டும். சில பேருக்கு நாப்பதுலயும் முத்துறதில்ல. நோட்டீசும் கையுமா மாமன் வீட்டுக்கு வந்துருவாங்க.

கோவிச்சுக்காதீரும், மோரு குடியும்.

ஆமா, பயல எத்தனை மணிக்கு எழுப்புதீரு? நாலரைக்கா? அந்த வயசுல உடம்புக் கடிகாரமே தள்ளிப் போகும்வே, ராத்திரி சீக்கிரம் தூக்கம் வராது. 13-லருந்து 18 வரைக்கும் 8 மணி நேரமாவது, ஏன் 10 வரைக்கும்கூடத் தூங்கணும்ங்கான் டாக்டரு. படிச்சது மண்டையில நல்லாத் தங்கத் தூக்கம் வேணும். அதைப் பிடுங்கிட்டு ஞாபகசக்திக்குக் காசு கட்டப் போறீராக்கும்!

அட்வான்சு கட்டியாச்சா? சரி விடும். நாளைக்கே போய்த் திருப்பிக் கேளும். தர மாட்டேன்னா, அந்த மாஸ்டரு கண்ணை நீரே கட்டும். மூக்கோரம் பஞ்சை நல்லா அடைச்சுட்டு, ரசீதைக் கையில குடுத்து, தொகை எவ்வளவுன்னு வாசிக்கச் சொல்லும்.