வாணலித் தேற்றம்: கிளைப்பணிகளின் தகுதி குறித்த ஓர் ஆராய்ச்சி

போர் கடந்துபோன ஒரு கிராமம். பூட்டிய குடிசை ஒன்றின் வாசலில் நின்று ஒரு கிழவி புலம்புகிறாள். இரவல் வாங்கியவன் வாணலியைத் திருப்பித் தரவில்லை, அது உள்ளே இருக்கிறது, கதவோ திறக்கவில்லை. அவள் உதவி கேட்பது யாரிடம் என்றால், முதுகில் இரண்டு வாள் கட்டிக்கொண்டு, பிரிந்துபோன காதலியைத் தேடிக் குதிரையில் போய்க்கொண்டிருக்கும் கெரால்ட்டிடம். இறங்கி வாணலியை மீட்டுத் தருவதா, குதிரையைத் தட்டிவிடுவதா? அறிஞர் உலகம் இவ்வினாவை இதுவரை போதிய அளவு பொருட்படுத்தவில்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இக்கட்டுரை.

ஆய்வுக்களம் போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 மே 19 அன்று வெளியிட்ட ‘தி விட்சர் 3: வைல்ட் ஹன்ட்’. ஆந்த்ரே சப்கோவ்ஸ்கியின் கதைகளிலிருந்து கிளைத்த இந்த விளையாட்டில் கெரால்ட் என்பவன் விட்சர், அதாவது கூலிக்குப் பேய் பிசாசுகளை ஒழிப்பவன். அவன் வளர்த்த பெண் சிரியை ஓர் ஆவிப்படை துரத்திக்கொண்டிருக்கிறது. அவளைக் கண்டுபிடிப்பது மையக்கதை. வழியில் குறுக்கிடும் மற்ற எல்லாமும், விளையாடுவோர் வழக்கில், சைடு குவெஸ்ட். இனி இவை கிளைப்பணி எனப்படும்.

முன்னோர் ஆய்வுகளை முதலில் நோக்குவோம். எல்லாக் கிளைப்பணிகளையும் விடாமல் முடிக்க வேண்டும் என்பாரும் உளர். இவர்களை முழுமைவாதிகள் எனலாம். வரைபடத்தில் ஒரு கேள்விக்குறி மிச்சமிருந்தால் இவர்களுக்கு இரவில் தூக்கம் வராது. இக்கொள்கைக்கு உரிய மறுப்பை நிண்டெண்டோ நிறுவனம் 2017-லேயே தந்துவிட்டது. ‘ஜெல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ விளையாட்டில் கோரோக் என்னும் காட்டுக் குட்டிச் சாத்தான்கள் பாறைக்கு அடியிலும் மலை உச்சியிலும் ஒளிந்திருந்து, கண்டுபிடித்தவருக்கு ஆளுக்கொரு விதை தருகின்றன. மொத்தம் 900 விதைகள். ஆயுதப் பையைக் கடைசி வரை பெரிதாக்க 441 போதும். மீதி 459-ஐயும் தேடி அலைந்து, 900-ஐயும் கொண்டுபோய்க் கொடுத்தவருக்குக் கிடைக்கும் சிறப்புப் பரிசு, பொன்னிறத்தில் பளபளக்கும் ஒரு குவியல் சாணம். இதற்குமேல் ஒரு கொள்கையை எப்படி மறுப்பது என்று தெரியவில்லை.

இரண்டாம் சாரார் நேர்வழிக்காரர். மகள் ஆபத்தில் இருக்கும்போது தகப்பன் ஊரார் வேலை பார்ப்பது முறையா என்று இவர்கள் கேட்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மையக்கதை அப்படியொன்றும் கண்ணியமான நேர்கோடு அல்ல. வெலன் பகுதியில் பெல்லர் என்ற மந்திரவாதியின் உதவி வேண்டுமென்றால், முதலில் ‘இளவரசி’ காணாமல் போன சேதியைக் கேட்டாக வேண்டும். இளவரசி என்பது ஒரு வெள்ளாடு. உலகைக் காக்கப் புறப்பட்ட வீரன், கையில் ஒரு மணியை ஆட்டிக்கொண்டு, அந்த ஆட்டைக் காட்டு வழியே வீட்டுக்கு ஓட்டி வருகிறான். நடுவில் கரடி வேறு வருகிறது. இவ்வளவும் மையக்கதையின் பாதையிலேயே நடப்பது. எனவே மையம், கிளை என்ற பாகுபாடு மாண்பு பற்றியதன்று என்க.

மூன்றாம் சாரார் கூலிக் கணக்கர். எவ்வளவு பணம், எவ்வளவு அனுபவப் புள்ளி என்று பார்த்துப் பணியை ஏற்பவர்கள். இவர்களோடுதான் இவ்வாய்வுக்கு உண்மையான வழக்கு.

விட்சரில் ஒவ்வொரு பணிக்கும் ஒரு நிலை எண் பரிந்துரைக்கப்பட்டிருக்கும். கெரால்ட் அதைவிட ஆறு நிலை மேலே ஏறிவிட்டால் அந்தப் பணி நாட்குறிப்பில் சாம்பல் நிறமாகிவிடுகிறது. கிடைக்கும் புள்ளி பெயருக்குத்தான். ஆகவே கூலிக் கணக்கர் அவசரப்படுகிறார். பழுக்கும் முன்பே பறிக்கவும் முடியாது, ஏனெனில் மிக உயர்ந்த நிலைப் பணிகள் சிவப்பில் நிற்கின்றன. அங்கே போனால் ஒரே அடியில் சாவு. நடுவில் உள்ள குறுகிய காலத்துக்குள் எல்லாவற்றையும் அறுவடை செய்ய ஓடும் இவர், கிராமத்தில் யார் என்ன பேசினாலும் பொத்தானை அழுத்தித் தாண்டிவிடுகிறார். பேச்சைத் தாண்டிய பிறகு எல்லாப் பணியும் ஒன்றுதான்: அங்கே போ, அதை வெட்டு, இங்கே வா.

பேராசையின் எல்லையைக் காட்ட ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. விளையாட்டு வெளியான புதிதில் சிலர் கிளைப்பணிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, முதல் கிராமத்து மாடுகளைக் கொன்று தோலை விற்கத் தொடங்கினார்கள். கெரால்ட் சற்றுத் தியானம் செய்து எழுந்தால் மாடுகள் மறுபடி முளைத்து நிற்கும். மறுபடி தோல், மறுபடி காசு. நிறுவனம் பின்னால் ஒரு திருத்தத்தில் இதற்குத் தீர்வு கண்டது. தோல் விலையைக் குறைத்திருக்கலாம். அதைச் செய்யாமல், அளவுக்கு மீறி மாடு கொல்பவர்மேல் ஒரு ராட்சதக் கொம்பு மிருகத்தை ஏவிவிட்டார்கள். பொருளாதாரக் கொள்கையில் இவ்வளவு நேரடியான தலையீடு அபூர்வம்.

இனி நம் துணிபு. கிளைப்பணியின் தகுதியைப் பின்வரும் சூத்திரத்தால் அளக்கலாம்: த = (கே × ம) ÷ ந. இதில் ‘த’ தகுதி. ‘கே’ என்பது கேட்பவர்: முகமும் குரலும் உள்ள ஓர் ஆள் நேரில் நின்று கேட்கிறாரா என்பது. ‘ம’ என்பது மறைப்பு: கேட்டதற்குப் பின்னால் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்பது. ‘ந’ என்பது நடை: போக வர ஆகும் அலைச்சல். கூலிக்கு இச்சூத்திரத்தில் இடம் ஒதுக்கவில்லை என்பதைக் கற்றோர் கவனிப்பர்.

வாணலிக்குத் திரும்புவோம். கேட்பவர் எதிரிலேயே நிற்கிறார். நடை சில அடிதான். கெரால்ட் ஒரு மந்திரச் சைகையால் கதவைத் தகர்த்துவிடுகிறான். உள்ளே போனால் ஒரு பிணம் கிடக்கிறது. பக்கத்தில் எரிந்த காகிதங்கள். வாணலி மட்டும் சுத்தமாகத் துலக்கி வைத்ததுபோல் இருக்கிறது. அதன் கரியைச் சுரண்டி எடுத்து மை செய்திருக்கிறார்கள் என்று கெரால்ட் ஊகிக்கிறான். பாத்திரம் தேடப் போனவன் ஒரு கொலையின் நடுவில் நிற்கிறான். கிழவிக்கோ பிணத்தைப் பற்றி அக்கறை இல்லை. வாணலி கைக்கு வந்ததே, கரி போய்ப் பளிச்சென்றும் ஆகிவிட்டதே என்று அவள் பாட்டுக்குப் போய்விடுகிறாள். ஐந்து நிமிடம்கூட ஆகாத இந்தப் பணிக்குக் கூலி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆனால் ‘ம’ வானளவு. போர் ஒரு கிராமத்தில் என்ன செய்துவிட்டுப் போகும் என்பதைப் பத்து அரண்மனைக் காட்சிகள் சொல்லாத அளவுக்கு இது சொல்கிறது.

அதே ஊரில் ஓடோலன் என்பவர் வைக்கும் வேலையையும் ஒப்பிடலாம். பாழடைந்த குக்கிராமத்துக் கிணற்றைப் பட்டப்பகலில் ஒரு பெண் பேய் காத்து நிற்கிறது, விரட்ட வேண்டும். இங்கே கெரால்ட் கூலி பேரம் பேசலாம்; எவ்வளவு கேட்டால் எதிராளிக்கு எவ்வளவு எரிச்சல் வரும் என்று ஒரு பட்டையில் தெரியும். முழுமூச்சாகப் பேரம் பேசிக்கொண்டிருக்கையில், ஓடோலனின் மகள் நோயில் கிடக்கிறாள், நல்ல தண்ணீருக்காகத்தான் கிணறு வேண்டும் என்பது தெரியவருகிறது. கூலிக் கணக்கருக்கும் ஒரு கணம் பொத்தான் மேல் விரல் தடுமாறும். பிறகு கிணற்றுக்குள் இறங்கினால், அந்தப் பேய் யார், அவளை யார் கொன்றார்கள், அவளுடைய வளையல் ஏன் முக்கியம் என்று அடுக்கடுக்காக வருகிறது.

எதிர்நிலைச் சான்று ஸ்கெலிகே தீவுகள். கடல் முழுவதும் கேள்விக்குறிகள். ஒவ்வொன்றுக்கும் படகைச் செலுத்தி, சைரன் எனப்படும் பறக்கும் கடற்பெண்கள் மேலிருந்து கொத்த, முங்கி எழுந்தால், கடத்தல்காரர் பதுக்கிய பீப்பாயும் பெட்டியும். உள்ளே பழைய வாளும் விற்றுத் தள்ள வேண்டிய சாமானும். பெட்டியில் என்ன கிடைத்தாலும் கணக்கு மாறாது. யாரும் கேட்கவில்லை, ‘கே’ பூஜ்யம். பூஜ்யத்தால் எதைப் பெருக்கினாலும் பூஜ்யமே. ‘ந’-வோ கடலளவு.

‘டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்’ (2014) இந்த வகையில் தனி நூலுக்கு உரியது. அதன் ஹின்டர்லேண்ட்ஸ் பகுதியில் அகதிகளுக்காகப் பத்து ஆட்டுக்கறித் துண்டுகள் சேகரிக்கச் சொல்கிறார்கள். கேட்பவர் உண்டு, பசியும் உண்மை. ஆனால் மறைப்பு இல்லை. பத்துத் துண்டு என்றால் பத்துத் துண்டுதான். கொடுத்ததும் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். இப்படிப்பட்ட வேலைகளில் மூழ்கி அந்த ஒரே பகுதியிலேயே நாள்கணக்கில் கிடந்தவர்கள் பலர். அதைவிட்டு வெளியே வாருங்கள், உலகம் பெரிது என்று உருவாக்கியவர்களே சொல்ல வேண்டியதாயிற்று. ‘ஸ்கைரிம்’ (2011) இன்னொரு படி மேலே போய், சில பணிகளைக் கணினியே தயாரிக்கும்படி செய்தது. திருடர் சங்கத்தில் ஒரு திருட்டை முடித்துவிட்டு வந்தால் அடுத்த திருட்டு தயாராக இருக்கும், காலம் உள்ளவரை. மனிதர் கேட்பதுபோல் தெரிந்தாலும் கேட்பது பகடைக்காய்.

ஆட்சேபங்களை மறைப்பது ஆய்வறம் அன்று. விட்சர் பள்ளிகளின் பெயரால் வரும் கிரிஃபின், பூனை, கரடி, ஓநாய்க் கவசங்களைத் தேடும் வேட்டைகளில் கேட்பவர் யாருமில்லையே, ஆனாலும் அவை இல்லாமல் பிழைப்பது கடினமாயிற்றே என்று கேட்கலாம். விடை: அவற்றை எல்லாம் இறந்தவர் எழுதி வைத்த குறிப்புகளைக் கொண்டே தேடுகிறோம். எலும்புக்கூட்டின் அருகே கிடக்கும் கடிதமும் ஒரு கேட்பவரே. அது சொல்லாமல் விட்டதோ ஏராளம். க்வென்ட் சீட்டாட்டம் பற்றிய ஆட்சேபம் இன்னும் கடினமானது. மகளைத் தேட வேண்டியவன் ஊருக்கு ஊர் சீட்டாடி அட்டை சேர்க்கும் அந்தக் கிளைப்பணி எந்தச் சூத்திரத்திலும் அடங்காது. பின்னர் 2018-ல் அது தனி விளையாட்டாகவே வெளிவந்து தனக்கென ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டது. கிளை என்று எண்ணியது வேறு மரமாக நின்றால் ஆய்வாளர் என்ன செய்வார்? அதை விலக்கு என்று எழுதிவிட்டு மேலே போகிறார்.

காலம் பற்றி ஒரு சொல். இவ்வகை விளையாட்டுகளில் ஆபத்து பெரும்பாலும் காத்திருக்கும். ஆவிப்படை வந்துவிட்டது என்று அலறிய காட்சிக்குப் பிறகும், குதிரைப் பந்தயத்தில் கலந்துகொண்டு, தாடி மழித்து, சில வாரம் தியானமும் செய்துவிட்டுப் போகலாம். படை அப்படியே நிற்கும். ஆனால் சில கதவுகள் மட்டும் சத்தமில்லாமல் சாத்தப்படுகின்றன. சிரி இருக்கும் மூடுபனித் தீவுக்குப் போவதற்கு முன் முடிக்காத சில கிளைப்பணிகள் பிறகு தோற்றதாகப் பதிவாகிவிடும். எவை என்று பார்த்தால் சூத்திரத்துக்கு வியப்பான ஆதரவு கிடைக்கிறது: மறைப்பு மிக்கவைதாம் அவை.

அவற்றுள் தலையானவை வடநாட்டு மன்னன் ராடோவிட்டைக் கொல்லும் சதிக்கு வழிவிடும் பணிகள். நாட்குறிப்பில் அந்தச் சதியும் இரண்டாம் தரப் பணியாகவே எழுதியிருக்கிறது. இதைச் செய்யாமல் விட்டால் போரில் ராடோவிட் வெல்கிறான். வடநாடுகளின் தலைவிதியே மாறுகிறது. இதற்கு முன்னொரு பணியில் ஒற்றர் தலைவன் டைக்ஸ்ட்ராவை வழியைவிட்டு விலக்க நேர்கிறது. பலமாகத் தள்ளினால் அவன் கால் முறிகிறது. கால் முறிந்தவன் சதிக்கு அழைப்பதில்லை. ஆக, ஒரு உரையாடலில் பொறுமை இழந்து பொத்தானை அழுத்தியவர், தெரியாமலே ஒரு பேரரசின் போரை முடித்துவைக்கிறார். மந்திரக்காரி கெய்ராவின் எலிக் கோபுரப் பணியும் அப்படித்தான். அதைத் தொடர்ந்து வருபவற்றையும் முடித்து அவளைத் தன் பக்கம் அழைத்துக்கொண்டால், பின்னர் கோட்டை முற்றுகையில் சக விட்சர் லாம்பெர்ட்டின் உயிரைக் காப்பாற்றுவது அவள்தான். அன்று கேட்டபோது அவள் பாதி பொய்தான் சொன்னாள். ‘ம’ அதிகம் என்றால் அதுதான்.

கடைசியாக, சூத்திரத்தை இன்றுவரை திணறடித்துக்கொண்டிருக்கும் ஒரு நிகழ்வு. 2016-ல் வந்த ‘பிளட் அண்ட் ஒயின்’ விரிவாக்கத்தில் கெரால்ட் தனக்கு வரவேண்டிய பணத்தை வாங்க ஒரு வங்கிக்குப் போகிறான். அவன் இறந்துவிட்டதாகப் பதிவாகி, கணக்கு முடங்கிக் கிடக்கிறது. தீர்வுக்கு ஏ38 என்ற அனுமதிப் படிவம் வேண்டும். அதற்கு ஒரு சன்னல், அங்கிருந்து இன்னொரு சன்னல். 1976-ல் வந்த ஆஸ்டெரிக்ஸ் கார்ட்டூன் படத்துக்குச் செய்த மரியாதை இது; அங்கேயும் இதே எண் படிவம். கேட்பவர் இங்கே கெரால்ட்டே. மறைப்பு என்று ஒன்றுமில்லை. உயிரோடு நிற்பவன் உயிரோடு இருப்பதாகச் சொல்கிறான். நடை மட்டும் சன்னலுக்குச் சன்னல். சூத்திரப்படி தகுதி அடிமட்டம். ஆனால் ராட்சதர்களைக் கொன்ற கை படிவத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் அந்தக் காட்சியைத் தவறவிட்டவரிடம் இவ்வாய்வாளர் பேசுவதாக இல்லை. சூத்திரத்தின் வலப்பக்கத்தில் நான்காவதாக ஓர் எழுத்தைச் சேர்க்க ஆய்வுக் குழுவின் இசைவு தேவை. அதற்கான விண்ணப்பம் மூன்று படிகளில் அனுப்பப்பட்டு, தவறான சன்னலில் கொடுத்ததாகக் குறிப்பெழுதித் திரும்பி வந்திருக்கிறது.