கலேவெல அலுமாரிகளின் பூட்டிய லாச்சி: ஓர் ஆய்வு

இளையோருக்கான மர்மக் கதைகளை ஆராய்கிறவர்கள் துப்பறியும் பிள்ளையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளை துழாவுகின்ற தளபாடமோ கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. ஆங்கிலக் கதைகளில் குடும்ப இரகசியம் பரண் அறையிலோ, நிலவறையிலோ, புத்தகத் தட்டுக்குப் பின்னால் ஓடும் சுரங்கப் பாதையிலோ இருக்கும். குருணாகல்–தம்புள்ளை வீதியில் உள்ள கலேவெலவில் அதற்கெல்லாம் வழியில்லை. சாதாரண வீடொன்றில் தலைக்கும் கூரைத் தகட்டுக்கும் நடுவே மின்விசிறியைத் தவிர வேறெதுவும் மறைந்திருக்க முடியாது. நிலத்தைத் தோண்டினால் கிணறுதான் வரும். ஆகவே இங்கே குடும்பத்தின் இரகசியம் முழுவதும் அலுமாரியின் நடு லாச்சியில் வந்து ஒதுங்கிவிட்டது. ‘அலுமாரி’ போர்த்துக்கேயர் தந்த சொல், ‘லாச்சி’ ஒல்லாந்தர் தந்தது. கண்டி இராச்சியத்துக்குள் இரு கூட்டத்தாராலும் நிலைகொள்ள முடியவில்லை. அவர்களுடைய தளபாடங்கள் மட்டும் ஒரு வெடியும் தீராமல் உள்ளே வந்து சேர்ந்துவிட்டன. அவற்றைத் திறக்கும் கருவிக்கு மாத்திரம் நாம் யாரிடமும் கடன் வாங்கவில்லை. தமிழ்நாட்டார் ‘சாவி’ என்று போர்த்துக்கேயச் சொல்லைச் சொல்ல, நாம் ‘திறப்பு’ என்கிறோம். பூட்டுவதற்கே பெரும்பாலும் பயன்படும் ஒரு பொருளுக்கு இப்படியொரு பெயர் வைத்த சமூகம் இரகசியத்தைப் பற்றி ஆழமாக யோசித்திருக்க வேண்டும்.

நடு லாச்சியில் என்ன இருக்கும்? காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், இறப்பர் வளையம் போட்ட அடகுச் சீட்டுகள், ஓரத்தில் ஒருவரை மட்டும் கத்தரித்து எடுத்த கல்யாணப் படம். திறப்பு, மேல் தட்டில் மடித்து வைத்த சாரிகளில் மூன்றாவதன் அடியில் இருக்கும். அது அங்கே இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல் நடந்துகொள்வதுதான் முறை. இந்த ‘முறை’தான் என் வாதத்தின் அடித்தளம். இளையோர் மர்மக் கதைகள், பிள்ளை இரகசியத்தைக் கண்டுபிடித்ததும் அது வளர்ந்துவிட்டதென்று மகிழ்ந்து புத்தகத்தை மூடிவிடுகின்றன. அங்கேதான் பிழை. கண்டுபிடிப்பது குழந்தை வேலை. எட்டு வயதுப் பிள்ளைக்கே அது முடியும். வளர்ந்தவர் எனப்படுபவர், லாச்சியைத் திறந்து பார்த்து, இருந்தபடியே பூட்டி, திறப்பை இருந்த சாரியின் அடியிலேயே, இருந்த திசை பார்த்தே வைத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டில் முகம் மாறாமல் உட்கார்ந்திருப்பவர்.

இந்த வரைவிலக்கணத்தைப் பிடித்துக்கொண்டால் அயல்நாட்டு இலக்கியத்தின் நெடுநாள் புதிரொன்று அவிழ்கிறது. எனிட் பிளைட்டனின் ஐவர் 1942 முதல் 1963 வரை 21 நாவல்களில் ஓடியாடினார்கள். முதல் நாவலிலேயே மூழ்கிய கப்பலிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, அதிலிருந்த வரைபடத்தைக் கொண்டு, ஐவரில் ஒருத்தியான ஜோர்ஜின் முன்னோருக்குச் சொந்தமான தங்கக் கட்டிகளைக் கண்டுபிடித்தார்கள். இவ்வளவு அனுபவத்துக்குப் பிறகும் அவர்கள் வளர்ந்ததாகத் தெரியவில்லை. துப்பறியும் பெண்ணான நான்சி ட்ரூவின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். 1930இல் பழைய கடிகாரத்தின் வழியே ஒரு காணாமற்போன மரணசாசனத்தைத் தேடிப் பிடித்தபோது அவளுக்கு வயது 16. அதே கதையை 1959இல் திருத்தி எழுதியபோது 18. இருபத்தொன்பது வருடத்தில் இரண்டே வயது. பதிப்பகத்தாரின் வசதி என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம், இந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்ததையெல்லாம் கடைசி அத்தியாயத்தில் பெரியவர்களிடம் ஒப்புவித்துவிடுகிறார்கள் என்பதே. ஒன்றையாவது மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தால் ஒரு வயதாவது கூடியிருக்கும்.

கலேவெலப் பிள்ளைக்கு வளராமலே இருந்துவிடும் வசதி கிடையாது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது தேசிய அடையாள அட்டை எடுக்க வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது நடு லாச்சியில் இருக்கிறது. ஆகவே இந்த நாட்டில் அரசாங்கமே பிள்ளையின் கையில் திறப்பைக் கொடுத்துத் துப்பறிய அனுப்புகிறது எனலாம். நாம் அறிந்த பிறப்புச் சான்றிதழே ஒரு நாவலின் பொருளடக்கம்போலத்தான் இருக்கும். பெற்றோர் விவாகமானவர்களா என்று ஒரு நிரல் கேட்கும். பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்ன என்று இன்னொன்று கேட்கும். அதோடு விடாமல் பூட்டனார் வரைக்கும் போகும். பூட்டனார் மேல் அரசாங்கத்துக்கு ஏன் இத்தனை பாசம் என்று பிள்ளை யோசிக்கக்கூடும். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. கலேவெல இருக்கும் இதே மாத்தளை மாவட்டத்தின் தோட்டங்களில், அந்த நிரல்களை நிரப்பக் கடதாசி இல்லாமல் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக நாடற்றுப் போனார்கள். அவர்களுடைய குடும்ப இரகசியத்தை அவர்களே மறைக்கவில்லை. பிறப்பைப் பதியாமல் விட்ட காலம் மறைத்தது. போலி ஆய்வுகூட இந்த இடத்தில் சற்றுக் குரலைத் தாழ்த்த வேண்டியிருக்கிறது.

அட்டை கைக்கு வந்த பின்னர்தான் உண்மையான சங்கேதக் கலை தொடங்குகிறது. பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அதோடு 500ஐக் கூட்டுவார்கள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். 72561 என்று தொடங்கும் இலக்கத்துக்குரியவர் 1972 மார்ச் முதலாம் திகதி பிறந்த பெண் என்பதை ஒரு நிமிடத்தில் அறியலாம். 1978இல் பிறந்ததாகக் குடும்பம் முழுவதும் நம்பிவருகிற சாச்சியின் இலக்கம் அப்படித் தொடங்கினால், பிள்ளை தன் வாழ்நாளின் முதல் மர்மத்தை அவிழ்த்துவிட்டது. இனி அது என்ன செய்கிறது என்பதில்தான் சோதனை. சபையில் சொல்லிவிட்டால் அது இன்னும் ஐவரில் ஒருவர். அட்டையைச் சாச்சியின் கையில் கொடுத்து, “படத்தில வடிவா இருக்கிறீங்க சாச்சி” என்றால் அடுத்த வருடமே அதற்குக் கல்யாணம் பேசலாம்.

சான்றுக்காக இவ்வளவு சின்ன வீடுகளிலேயே நிற்க வேண்டியதில்லை. கலேவெலவுக்கு வடக்கே காலவாவி இருக்கிறது. அதைக் கட்டிய தாதுசேனன் வீட்டிலும் ஒரு நடு லாச்சி இருந்தது. ஐந்தாம் நூற்றாண்டுக் கதை, சூளவம்சம் சொல்கிறது. அவனுடைய மகளை மருமகனான சேனாபதி காரணமில்லாமல் கசையால் அடித்தான். மகளின் உடையில் இரத்தத்தைக் கண்ட அரசன் சேனாபதியின் தாயை எரித்துக் கொன்றான். சேனாபதி அரசனின் மகன் காசியப்பனோடு சேர்ந்தான். அப்பன் திரவியத்தை இளையவன் முகலனுக்காக ஒளித்து வைத்திருக்கிறான் என்று மூட்டிவிட்டான். மகன் கேட்டான்: புதையல் எங்கே? அப்பன் காலவாவிக்குக் கூட்டிப்போகச் சொல்லி, தண்ணீரைக் கையில் அள்ளி, இதுதான் என் செல்வம் முழுவதும் என்றான். மர்மக் கதை வரலாற்றில் இதைவிடத் தெளிவான விடையை யாரும் சொன்னதில்லை. இதைவிட மோசமாக யாரும் அதைப் புரிந்துகொண்டதுமில்லை. அப்பனைச் சுவரில் வைத்துக் கட்டிய பிறகு, மகன் சிகிரியா மலையில் ஏறி உட்கார்ந்துகொண்டான். காசியப்பன் தேடிய லாச்சியே பிழை. அந்த வீட்டின் இரகசியம் தங்கமல்ல, அக்காளோ தங்கையோ, ஒரு பெண்ணின் உடையிலிருந்த இரத்தம். அதைப் பற்றி அவன் கேட்டதாகக் கதையில் இல்லை. வயது ஏறியும் அவன் வளரவில்லை என்பது இந்த ஆய்வின் துணிபு.

இதற்கு ஒரு மறுப்பு எழும். கலேவெல போன்ற ஊரில் இரகசியமே கிடையாது. அடகுக் கடையில் வைத்த காப்பின் எடை, வைத்தவர் வீட்டுக்குத் திரும்புமுன் வாப்பாவின் காதுக்குப் போய்விடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் இந்த மறுப்பு, இரகசியமென்றால் ஒருவருக்கும் தெரியாதது என்று நினைக்கிறது. குடும்ப இரகசியம் எல்லோருக்கும் தெரிந்தது, ஒருவரும் சொல்லாதது. கடைசியாக அறிபவர் துப்பறிபவரே. 2014இல் வந்த ஈ. லொக்ஹார்ட்டின் ‘வீ வேர் லயர்ஸ்’ நாவல் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது: நினைவிழந்த பெண்ணைச் சுற்றி ஒரு குடும்பமே அறிந்தும் பேசாமல் இருக்கிறது. பாரதத்தில் இது எப்போதோ வந்துவிட்டது. கர்ணன், தான் யார் என்பதைக் கண்ணன் சொல்லக் கேட்டபோது, தருமனுக்குச் சொல்லிவிடாதே என்றுதான் கேட்டுக்கொண்டான். பேழையில் மிதந்து வந்த பிள்ளை வளர்ந்தது அந்த நொடியில்தான். செய்தி தாமதமாக வந்து சேர்ந்த தருமனோ, பெண்களிடம் இனி இரகசியம் தங்காதிருக்கட்டும் என்று சபித்தான். அறத்தின் மகனுடைய அந்தச் சாபம் பலிக்கவில்லை. உம்மாமாரின் அலுமாரிகளே அதற்குச் சாட்சி.

இன்னொரு மறுப்பு காலத்தைப் பற்றியது. இன்று பூட்டு இருப்பது பிள்ளையின் ஃபோனில். துப்பறிவது உம்மாவும் வாப்பாவும். ஆகவே லாச்சிக் கொள்கை காலாவதியாகிவிட்டது என்பார்கள். தளபாடம் மாறியிருக்கிறதே தவிர விதி மாறவில்லை. பிள்ளையின் ஃபோனைத் திறக்கும் இலக்கம் உம்மாவுக்குத் தெரியும். தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். இருவரும் பேசாமல் தேநீர் குடிக்கிறார்கள்; அன்றைக்கு வீட்டில் வளர்ந்தவர்களின் தொகை இரண்டு. இந்த ஆய்வை மேலும் நடத்த ஒரு தடை உண்டு. உள்ளே என்ன இருக்கிறதென்று சரியாக அறிந்தவர்கள் வளர்ந்தவர்கள் மட்டுமே. கதவிடுக்கில் நின்று, “நானா, உள்ளுக்குள்ள என்ன?” என்று தம்பி கேட்டபோதே அவர்கள் தங்கள் பதிலை முடிவு செய்துவிட்டார்கள். ஆய்வாளர் கேட்டாலும் அதையேதான் சொல்கிறார்கள்: “ஒன்டுமில்ல, பழைய ரசீதுதான்.”