அவலூர்பேட்டை வட்டாரத் தொகுப்புப் பிழைகள்: ஒரு பன்முக நோக்கு

முன்னுரை

ஆதிகாலம் தொட்டே மனிதன் கம்பைல் (தொகுப்பு) செய்து வருகிறான். இப்படித் தொடங்காத கட்டுரையைக் கருத்தரங்க மலரில் சேர்க்கமாட்டார்கள் என்பதால் இவ்வாக்கியத்தின் உண்மைத்தன்மை இங்கே விவாதிக்கப்படவில்லை.

ஆய்வுக் களமும் எல்லையும்

களம்: விழுப்புரம் மாவட்டம், மேல்மலையனூர் வட்டம், அவலூர்பேட்டை. எல்லைகள்: தெற்கே செஞ்சிக் கோட்டை, தென்மேற்கே திருவண்ணாமலை, மேலே மின்விசிறி, கீழே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். கருவி: 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த மடிக்கணினி ஒன்று. அதில் விண்டோஸும், சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒண்டுக்குடித்தனம் செய்தன. பின்னாளில் அதில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் ஏற்றப்பட்டது. ஏன் ஏற்றப்பட்டது என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

கருதுகோள்

"லினக்ஸில் ஓடிய திறமூல நிரல், மூலக்கோப்பு கையில் இருப்பதால், ஃப்ரீபிஎஸ்டியிலும் ஓடும்." இது முதல் நிமிடத்திலேயே பொய்த்தது. கருதுகோள் பொய்த்தாலும் ஆய்வேடு நிற்கும் என்பதற்கு நம் பல்கலைக்கழக நூலகங்களே சான்று.

முன்னாய்வுகள்

பிழைச்செய்தியைப் படிப்போர் இரு சாரார். திரையை மேலே உருட்டி முதல் பிழையைப் படிப்போர் மேலோர். கடைசி வரியில் நின்றுவிடுவோர் கீழோர். கடைசி வரியில், தொகுப்பை நடத்தும் மேக் கருவி "எரர் 1" என்று மட்டும் அச்சிட்டிருக்கும். "ஏதோ தவறு நடந்தது" என்பதற்கு மேல் அதில் பொருளில்லை. ஆயினும் இதுவரை வந்த உரைகள் அனைத்தும் இவ்வொரு வரிக்கே எழுதப்பட்டவை (காண்க: முகப்பு கிழிந்த சுவடி, ஏடு 4).

வாய்மொழி மரபு தனித்துக் குறிப்பிடத்தக்கது. களப்பணியில் சந்தித்த தகவலாளி: ஆண், நடுவயது; தொழில் ரீசார்ஜ், செராக்ஸ், ஆதார் பிரின்ட். அவர் திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஃபார்மட் போட்டுடலாமா தம்பி?" என்றார். இது எல்லாப் பிழைக்கும் பொருந்தும் ஒரே கோட்பாடு. மேலைக் கோட்பாட்டாளர் எவரும் இதுவரை இத்தகைய முழுமையை எட்டவில்லை.

வகைப்பாடு

1. மேக் பிழை: க்னூ மேக்குக்காக எழுதியது ஃப்ரீபிஎஸ்டியின் மேக்குக்குப் பல சமயம் புரியாது. "ஜிமேக்" என்று அடிக்கவும்.

2. பாதைப் பிழை: க்னூ ஹர்டு என்ற இயங்குதளம் கோப்புப் பாதையின் நீளத்துக்கு உச்சவரம்பு வைக்கவில்லை. உச்சவரம்பு உண்டு என்று நம்பி எழுதிய நிரல்கள் அங்கே தொகுபடாமல் நிற்கும்.

3. தலைப்புக்கோப்புப் பிழை: நினைவகம் கேட்கும் மாலாக் செயற்கூறுக்கு "மாலாக்.ஹெச்" என்ற கோப்பை இணைப்பது லினக்ஸ்காரர் வழக்கம். ஃப்ரீபிஎஸ்டியிலும் அப்பெயரில் ஒரு கோப்பு இருந்தது. ஆனால் அதனுள்ளே, "இதற்குப் பதில் ஸ்டெட்லிப்.ஹெச் வந்துவிட்டது" என்று சொல்லித் தொகுப்பை நிறுத்தும் கட்டளை இருந்தது. பிழை தருவதற்கென்றே ஒரு கோப்பைப் பேணிவந்த இப்பெருந்தன்மையை எந்த உரையாசிரியரும் பாராட்டவில்லை (முகப்பு கிழிந்த சுவடி, ஏடு 4, மடக்கிய மூலை).

4. மொழிப் பிழை: மென்பொருள் தமிழில் பேசுவதற்குக் கெட்டெக்ஸ்ட் என்ற ஏற்பாடு வேண்டும். லினக்ஸில் அது சி நூலகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் லிப்இன்டில் என்ற தனி நூலகமாகி, "லோக்கல்" அடைவுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. நாம் சொல்லாவிட்டால் தொகுப்பி அங்கே எட்டிப் பார்க்காது. இன்ன அடைவில் தேடு, இன்ன நூலகத்தோடு இணை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்லப் பொறுமையில்லாதவர்களுக்குக் கான்ஃபிகரில் "டிசேபிள் என்எல்எஸ்" என்றொரு தேர்வு உண்டு: மொழியை விட்டுவிடு, பிழையும் உன்னை விட்டுவிடும். இதன் அரசியல் உட்பொருளை ஆராய்வோர்க்கு ஒரு முனைவர் பட்டம் காத்திருக்கிறது.

5. ஏழெழுத்துப் பிழை: இனி வருவதே இக்கட்டுரையின் உயிர்.

ஒரு சரத்தை இடம் வழியாமல் நகலெடுக்க எஸ்டிஆர்எல்சிபிஒய் என்ற ஏழெழுத்துச் செயற்கூறை 1998இல் ஓபன்பிஎஸ்டிக்காக டாட் மில்லரும் தியோ டி ராட்டும் படைத்தார்கள். ஃப்ரீபிஎஸ்டி முதலிய மற்ற பிஎஸ்டிகள் ஏற்றுக்கொண்டன. லினக்ஸில் வழங்கும் க்னூ சி நூலகம் ஏற்கவில்லை. அது சரத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும் என்பது எதிர்ப்பாளர் வாதம். வழிந்து கெடுவதைவிட வெட்டுவது மேல் என்பது ஆதரவாளர் வாதம். வாதம் நடந்துகொண்டே இருந்தது. பிஎஸ்டியில் எழுதிய நிரலை லினக்ஸுக்குக் கொண்டுவந்தவர்கள் "அப்படியொரு செயற்கூறே இல்லை" என்ற பிழையை வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

க்னூ சி நூலகம் அதைச் சேர்த்துக்கொண்டது 2023 ஆகஸ்டில், 2.38ஆம் பதிப்பில்.

இவ்விடத்தில் அவலூர்பேட்டைச் சிந்தனைப்பள்ளி குறுக்கிடுகிறது. எதைப் பற்றி எழுதினாலும் அது தம் ஊரில்தான் தோன்றியது என்று நிறுவுவது அறிஞர் கடமை. ஆகவே செஞ்சி. முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் 1690இல் செஞ்சியை முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698இல். அதற்குள் மராத்திய மன்னர் இராஜாராம் தப்பிவிட்டார். இக்காலத்தை ஏழரை ஆண்டு என்று வட்டமாகச் சொல்வோர் சனிபகவானையும் துணைக்கு அழைக்கிறார்கள். ஏழரை ஆண்டில் செஞ்சியின் உச்சக்கோட்டையான இராஜகிரியே பணிந்தது. ஏழெழுத்து உள்ளே நுழைய 25 ஆண்டு ஆனது. எனவே க்னூ சி நூலகம் செஞ்சியைவிட மும்மடங்கு அரண் உடையது என்பது பெறப்படும் (முகப்பு கிழிந்த சுவடி, ஏடு 4, மடக்கிய மூலையின் உட்புறம், டீக்கறைக்கு வடமேற்கே இரண்டு விரற்கடை).

இதை மறுப்போர் உளர். பீஜப்பூரார் 1649இலும், சிவாஜி 1677இலும், பிரெஞ்சுக்காரர் 1750இலும், ஆங்கிலேயர் 1761இலும் செஞ்சியைக் கைப்பற்றினர். இத்தனை ஆட்சிக்கு மாற்றியும் கோட்டை ஓடியது. எனவே அதுவே உலகின் முதல் போர்ட்டிங், அதாவது தளம் விட்டுத் தளம் மாற்றல், என்பர் அவர்கள் (அதே சுவடி, அதே டீக்கறை, ஆனால் வேறு டீ என்பர் பாடபேத ஆய்வாளர்). 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்திய இராணுவ நிலப்பரப்புகளில் ஒன்றாகச் செஞ்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இக்கோட்பாட்டைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

கதை இத்தோடு முடியவில்லை. அந்த 25 ஆண்டுகளில் பலர் அலுத்துப்போய் அதே ஏழெழுத்தைத் தங்கள் நிரலுக்குள்ளேயே எழுதி வைத்துக்கொண்டார்கள். "ஏற்கெனவே இருக்கிறதா?" என்று கேட்காமல் எழுதியவர்களுக்கு 2.38 வந்ததும் "முன் அறிவிப்போடு முரண்படுகிறது" என்ற புதுப்பிழை வந்தது. இல்லாதபோதும் பிழை, வந்தபோதும் பிழை. நூலை மூலத்தில் பார்க்காமல், மேற்கோளின் மேற்கோளை எடுத்தாண்டு, மூலம் அச்சேறியதும் திகைக்கும் நம் ஆய்வுலகுக்கு இது புரியும்.

6. விண்டோஸ் பிழைகள்: ஆய்வாளரின் உடல்நிலை கருதி இவ்வியல் கைவிடப்பட்டது.

முடிவுரை

பிழைகள் பலவாகத் தோன்றினும் பெரும்பாலும் ஒன்றே. ஒரு தலைப்புக்கோப்பை இணைக்காமல் விட்டால் அதில் அறிவித்திருந்த பெயர்கள் அனைத்தும் தொகுப்பிக்கு அந்நியமாகி, நாம் பயன்படுத்திய ஒவ்வொன்றுக்கும் ஒரு பிழை வரும். அவற்றை எண்ணி, வகுத்து, உரையெழுதுவது பட்டத்துக்கு உதவும், நிரலை ஓடவைக்காது.

ஆகவே வாசகர் செய்யவேண்டியது: திரையை மேலே உருட்டி முதல் பிழையைப் படியுங்கள். அதை மட்டும் திருத்தி மறுபடி தொகுத்துப் பாருங்கள். ஓடியதும், திருத்தத்தைப் பேட்ச்சாக மூல ஆசிரியருக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பாவிட்டால் அடுத்த பதிப்பிலும் அதே பிழை வரும். அதற்கும் எவராவது ஒருவர் கட்டுரை எழுதுவார்.