மடக்கி நீட்டிய காலம்

நாற்காலி என்றால் கிராணி வீட்டுச் சாமான் என்றிருந்த நாள்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். கலும்பாங்கைச் சுற்றியிருந்த கித்தாத் தோட்டங்களில் எல்லாமே தரையில்தான் நடந்தது. அம்மி அரைப்பது, அடுப்பு ஊதுவது, துணி கசக்குவது, பிள்ளைக்குப் பேன் பார்ப்பது, சாயங்காலம் பாய் விரித்து வானொலியில் நாடகம் கேட்பது எல்லாம் தரைதான். உங்களுக்கும் நினைவிருக்கும், கோயில் திருவிழாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாயசம் வரைக்கும் ஒரு பிடி பிடித்துவிட்டு, எச்சில் கையால் எதையும் தொடாமல், இன்னொரு கையையும் ஊன்றாமல் அப்படியே எழுந்து போவோமே! முட்டி என்று ஒன்று இருப்பதே, வாத்தியார் முட்டிபோடச் சொல்லும்போதுதான் நினைவுக்கு வரும்.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போனால் 272 படிகளையும் இரண்டிரண்டாகத் தாவி ஏறிவிட்டு, பால்குடத்தோடு கீழே வந்துகொண்டிருக்கும் அம்மாவை மேலே உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்த ஒரு பையன் அன்று இருந்தான். சைக்கிளில் பெர்னாம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, சிலாங்கூரிலிருந்து பேராவுக்குள் நுழைந்து, தஞ்சோங் மாலிமில் பாவ் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புவதை ஒரு தூரமாகவே அவன் நினைத்ததில்லை. அவனை நினைத்தால் எனக்கு இன்றும் பிரியம்தான். உடம்பை வாடகை வீடாக நினைக்காமல் சொந்த வீடாகவே நினைத்து வாழ்ந்தவன் அவன்.

ஆனால் அதே வீட்டில் அம்மாவின் முட்டி வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தது. கித்தா மரத்தில் பட்டை சீவுகிறவர்களுக்கு அது தெரியும். புது மரத்தில் வெட்டு நெஞ்சு உயரத்தில் தொடங்கும். மாதாமாதம் கொஞ்சங்கொஞ்சமாக இறங்கி, சில வருடங்களில் மரத்தின் அடியை நெருங்கிவிடும். அந்த உயரத்தில் நின்றுகொண்டு வெட்ட முடியாது. குந்தி, ஒரு முட்டியை ஈர மண்ணில் பதித்து, வெட்டுக்கத்தியை இழுத்து, பால் பிடிக்கும் மங்கைத் திருப்பி வைத்து எழ வேண்டும். அடுத்த மரத்தில் மறுபடியும் குந்த வேண்டும். நிரை நிரையாக இப்படியே போனால் ஒரு காலைப்பொழுதில் எத்தனை முறை! பிறகு பால் எடுக்கும் நேரம். காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் வாளிகள், தோளில் முழுப் பாரம், காலுக்கடியில் வழுக்கும் சரிவு. மரம் கிழடானால் ஏணி வைத்து மேலே வெட்ட வேண்டும், அப்போது ஏறுவதும் இறங்குவதும். ஸ்டோரில் பாலை நிறுத்துக் கணக்கெழுதினார்கள். முட்டியில் தேய்ந்ததை நிறுத்துப் பார்க்கத் தராசு இல்லை.

ராத்திரி அம்மா காலை நீட்டி உட்காருவார். வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம், அதற்குமேல் கோடாரித் தைலம், படுக்கும்போது முட்டிக்கு அடியில் மடித்த தலையணை. தோட்டத்து டிரெசர் மாத்திரை கொடுப்பார், அவரிடம் இருந்தது அவ்வளவுதான். கொஞ்சம் கையில் காசு சேர்ந்தால் பெண்கள் நாலு பேராகக் கூடி உலு சிலிம் வெந்நீர் ஊற்றுக்குப் போய்க் காலை நனைத்துவிட்டு வருவார்கள். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே வருவார்கள். வலி எவ்வளவு குறைந்தது என்று எனக்குத் தெரியாது, அந்தச் சிரிப்பு தெரியும்.

அதே காலத்தில், 1974இல், நியூயார்க்கில் ஜான் இன்சால் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் இன்றைய செயற்கை முழங்கால் மூட்டுக்கு முன்மாதிரியான ஒன்றை நோயாளிகளுக்குப் பொருத்தத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் குழுவில் இந்தியாவிலிருந்து போன சித்தரஞ்சன் ரணாவத்தும் ஒருவர். அவர்தான் 2000 அக்டோபரில் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இந்தியப் பிரதமர் வாஜ்பாயியின் இடது முட்டியையும், அடுத்த வருடம் ஜூனில் வலது முட்டியையும் மாற்றினார். அந்தச் செய்தியை அம்மாவுக்குப் பத்திரிகையிலிருந்து படித்துக் காட்டினேன். "முட்டியைக்கூட மாத்துறாங்களா?" என்று கேட்டு, நெடுநேரம் தன் காலையே தடவிக்கொண்டிருந்தார். அது பிரதமர்களுக்கான வைத்தியம் என்று எங்கள் வீட்டில் எல்லோருமே நினைத்தோம்.

இன்று கலும்பாங்கில் பழைய தோட்டத்துப் பையனான எனக்கு அதே வைத்தியம் அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடைக்கிறது. நிபுணரைப் பார்க்கப் பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். முறை வரும்வரை நெடுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது உண்மை. ஆனால் முதுகுத் தண்டில் ஒரு ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போன கால்கள், திரைக்கு அந்தப்பக்கம் தச்சு வேலை மாதிரி ஒரு சத்தம், அவ்வளவில் முடிந்தது. தொடை எலும்பின் முனைக்குக் கோபால்ட் குரோமியத்தில் ஒரு மூடி, கீழே கால் எலும்பின் தலையில் ஒரு உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவில் தேய்ந்துபோன குருத்தெலும்புக்குப் பதிலாகப் பாலிஎத்திலீன். மறுநாளே பிடித்து நடக்கும் சட்டத்தோடு எழுப்பி நிற்க வைத்துவிட்டார்கள். 'லான்செட்' இதழ் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, இப்படி மாற்றிய முட்டிகளில் நூற்றுக்கு 82 கால் நூற்றாண்டு தாங்குகின்றன.

வீட்டில் கற்ற வைத்தியம் முழுக்கத் தலைகீழாகிவிட்டது. உப்பு ஒத்தடம் போய்ப் பனிக்கட்டிப் பை வந்தது. முட்டிக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது, அப்படியே மடங்கி இறுகிவிடும், குதிகாலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வை என்றார்கள். உடற்பயிற்சி சொல்லித்தரும் மலாய்ப் பெண், என் பேத்தி வயதிருக்கும், "பெலான் பெலான், அங்கிள்" என்று மெதுவாகச் செய்யச் சொல்லிக்கொண்டே குதிகாலைக் கட்டிலில் தேய்த்து இழுக்க வைப்பாள். இரண்டு கைகளுள்ள பிளாஸ்டிக் கோணமானியை முட்டியின் பக்கவாட்டில் வைத்து அளப்பாள். 90 பாகை வந்த அன்று அவள் கை தட்டினாள், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாற்காலியில் உட்கார, படி ஏற, காரில் ஏறி இறங்க அதற்குமேல் அதிகம் வேண்டியதில்லை. இப்போது அதையும் தாண்டி நன்றாகவே மடங்குகிறது. தழும்புக்கு வெளிப்புறம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் தொட்டால் உணர்வில்லாமல் இருக்கிறது. அங்கே நரம்புக் கிளை அறுபடுவதால் அப்படி, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

ஆனாலும் குந்தி உட்காரும் சுகம் போய்விட்டது. பந்தியில் எனக்கு மட்டும் மேசை போடுகிறார்கள். மாரியம்மன் கோயிலில் விழுந்து கும்பிட முடியாமல் நின்றபடி கும்பிடுகிறேன். வாசலில் குந்திக்கொண்டு கோப்பிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்து, மழை விட்ட பிறகு தோட்டத்துச் சிவப்பு மண் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்போமே, அந்த உயரத்திலிருந்து உலகத்தைப் பார்த்து நாளாகிவிட்டது. அந்த ரோட்டில் இப்போது தார் போட்டிருக்கிறார்கள், இரண்டு பக்கமும் செம்பனை. என் பேரப்பிள்ளைகளுக்கு இளம் முட்டிகள் இருந்தும், சம்மணம் போடச் சொன்னால் சோபாவைத் தேடுகிறார்கள். அது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

போன வாரம் பழைய லயத்து அக்கா ஒருவர் ஊன்றுகோலோடு வந்தார். அம்மாவோடு நிரை பிடித்தவர். சேலையைக் கொஞ்சம் உயர்த்தி, உள்பக்கமாக வளைந்துபோன முட்டியைக் காட்டினார்.

"பொய் சொல்லாத தம்பி, வலிச்சுதா?"

"வலிச்சுதுக்கா. மொத ரெண்டு வாரம் ராத்திரியில தூக்கமே இல்ல. இப்ப இல்ல."

என்னை நடக்கச் சொன்னார். வாசலிலிருந்து கூடம்வரை நடந்தேன், திரும்பி வரச் சொன்னார், வந்தேன். படி ஏறிக் காட்டச் சொன்னார். ஏறினேன். கடைசியில், "எனக்கு எழுபது தாண்டிருச்சே, செய்வாங்களா?" என்றார். என்னைவிட மூத்தவர்களும் அதே வார்டில் படுத்திருந்ததைச் சொன்னேன். கிளினிக்கில் மேற்பரிந்துரைக் கடிதம் வாங்க வியாழக்கிழமை போகிறோம். கார் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நானே அழைத்துப் போகிறேன்.