எத்தனை ரூபாய் பாண்டு?

கரூரில் எக்ஸ்போர்ட் ஆபீஸில் வேலை என்றால், நாள் முழுக்க நான் துணியோடு மல்லுக்கட்டுவதாகச் சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். கல்யாண வீட்டில் பார்த்தால் "நல்ல பெட்ஷீட்டா ரெண்டு எடுத்து வைப்பா" என்பார்கள். நெய்யத் தறிக்காரர் இருக்கிறார். சாயம் ஏற்றச் சாயப்பட்டறைக்காரர். தைக்க, மடிக்க, பெட்டி போட ஆட்கள். மெர்ச்சண்டைசர் என்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டிருக்கும் எனக்கு வேறு வேலை. இவர்கள் எல்லோரும் கொடுக்கும் வாக்கை வாங்கி, இங்கிலீஷாக்கிக் கடல் தாண்டி அனுப்ப வேண்டும். அங்கிருந்து வரும் வாக்கைத் தமிழாக்கி முதலாளி முன்னால் வைக்க வேண்டும். கிச்சன் டவல் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏறுவதற்குள் வாக்குகள் பலமுறை போய்வந்துவிடும்.

முதலாளிக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. சாம்பிள், ஷேடு, ஷிப்மென்ட், டிஸ்கவுண்ட், ரிஜெக்ட் எல்லாம் அத்துப்படி. வியாபாரத்துக்கு அவ்வளவு போதும். அவருக்கு ஆகாதது சொலவடைதான். எங்கள் இங்கிலாந்து பையர் அளவு, எடை, நிறம் பற்றியெல்லாம் எழுதும்போது ஒழுங்காக எழுதுவார். பணம், தேதி என்று வந்துவிட்டால் மட்டும் எங்கிருந்தோ அவருக்குள் ஒரு புலவர் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

ஒருமுறை பெரிய ஆர்டர். அட்வான்ஸ் கேட்டோம். பதிலில், அட்வான்ஸ் எதற்கு, "மை வேர்ட் இஸ் மை பாண்ட்" என்று எழுதியிருந்தார்.

"என்ன தம்பி சொல்றான்?"

"அவரு சொன்ன சொல்லே பாண்டு மாதிரியாமுங்ணா."

"எத்தன ரூவா பாண்டு?"

முதலாளி கிண்டலாகக் கேட்கவில்லை. பாண்டு என்றால் எங்கள் ஊரில் கோர்ட்டு வாசலில் முத்திரைத்தாள் விற்பவரிடம் கிடைப்பது. இருபது ரூபாய்க்கு ஒன்று, நூறு ரூபாய்க்கு ஒன்று. அவசரத்துக்குப் புரோநோட்டு. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, பாதி ஸ்டாம்பிலும் பாதி தாளிலும் விழுகிற மாதிரிக் கையெழுத்து, கீழே இரண்டு சாட்சி. அதற்கும் மூன்று வருஷம்தான் ஆயுசு. அதற்குள் கோர்ட்டுக்குப் போகாவிட்டால் பஜ்ஜி எண்ணெய் ஒற்றத்தான் ஆகும். 1916இல் ஒரு பேங்க், 1926இல் இன்னொரு பேங்க் என்று பத்து வருஷ இடைவெளியில் இரண்டு பேங்குகளைப் பெற்றெடுத்த ஊர் இது. இங்கே வந்து சொல்லே பாண்டு என்றால் எடுபடுமா?

பையர் மானத்தைக் காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பாகிவிட்டது. லண்டன் பங்குச் சந்தைக்காரர்கள் 1923இல் தங்களுக்கென்று ஒரு முத்திரைச் சின்னம் வாங்கியபோது, இதே வாசகத்தைத்தான் லத்தீனில் பொறித்துக்கொண்டார்கள், தாளும் சாட்சியும் இல்லாமல் வாய்ப்பேச்சிலேயே பேரம் முடிக்கிற வழக்கம் அங்கே இருந்தது என்று எடுத்துச் சொன்னேன். சொல் தவறியவர்களை என்ன செய்தார்கள் என்றார். சந்தையில் சுத்தியலால் தட்டி, இன்னார் கைவிரித்துவிட்டார் என்று அறிவிப்பார்கள்; பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே அப்படிப்பட்டவருக்கு நொண்டி வாத்து என்று பட்டப்பெயரே உண்டு என்றேன்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் சொன்ன சொல்லக் காப்பாத்தியிருந்தா, வாத்துக்கு எதுக்குத் தம்பி தனியா ஒரு பேரு? சுத்தியலு எதுக்கு?"

அதற்கு மேல் நான் அவருக்குச் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. இதே இங்கிலாந்தில் 1677ஆம் வருஷமே பார்லிமென்ட் கூடி, சில வகை வாக்குகள் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் கோர்ட்டில் நிற்கும் என்று சட்டம் போட்டுவிட்டது. மோசடியையும் பொய்ச் சத்தியத்தையும் தடுக்க என்று சட்டத்தின் பெயரிலேயே காரணத்தைச் சொல்லிவிட்டார்கள். அடுத்தவன் கடனுக்கு நான் பொறுப்பு என்று வாயால் சொல்வது அதன் பிறகு அங்கே செல்லாது. நம் ஊர் ஜாமீன் கையெழுத்துதான் அது. ஆக, சொல்லே பாண்டு என்று சின்னத்தில் பொறிப்பதற்கு ஏறக்குறைய 250 வருஷம் முன்பே, அவர்கள் பாண்டு எழுதி வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளியிடம் இதைச் சொல்லியிருந்தால் பையரின் பழைய பில்களையெல்லாம் தூசு தட்டியிருப்பார்.

அட்வான்ஸ் வந்தது. அது தனிக் கதை.

அடுத்தது உப்பு. போன தடவை சொன்ன தேதியில் சரக்கு போகவில்லை. எனவே இந்தத் தடவை நாங்கள் கொடுத்த தேதியை ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள்வதாக மெயில் வந்தது. அதை நான் வாய்விட்டுத் தமிழில் படித்ததும் முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. "உப்பப் பத்தியெல்லாம் பேசறான் பாரு. நல்ல மனுசன்." நம் ஊரில் உப்பு என்றால் நன்றி, ரோஷம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவரிடம் போய், இது அந்த உப்பு இல்லை, உங்கள் பேச்சை நம்ப மாட்டோம் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். "ஏன், நாம உப்புப் போட்டுச் சோறு திங்கறதில்லையாமா?" என்று எழுந்தே போய்விட்டார்.

இதற்குப் பின்னால் ரோமானியக் கதை ஒன்று சொல்கிறார்கள். மித்ரிடேட்டிஸ் என்ற அரசன் எவன் விஷம் வைப்பானோ என்ற பயத்திலேயே வாழ்ந்தவன். அவனை வென்ற ரோமத் தளபதி பாம்பே, அரண்மனை அலமாரியில் அவன் கைப்பட எழுதிய விஷமுறிவுக் குறிப்பைக் கண்டெடுத்தானாம். உலர்ந்த அக்ரூட் இரண்டு, அத்திப்பழம் இரண்டு, அருவதா இலை இருபது, இவற்றோடு ஓர் உப்புக்கல் சேர்த்து இடித்து வெறும் வயிற்றில் தின்றால் அன்றைக்கு எந்த விஷமும் ஏறாது. மூத்த பிளினி தன் நூலில் எழுதி வைத்திருக்கிறார். நம் வீட்டுப் பாட்டிகள் மறுப்புச் சொல்லாமல் இடித்துக் கொடுத்திருக்கக்கூடிய மருந்துதான். அந்த உப்புக்கல்தான் மெயிலில் வந்து நிற்கிறது என்றால், எங்கள் டெலிவரி தேதி என்ன என்பது தெளிவாகிவிடுகிறது. விஷம்.

பழைய பாக்கிக்கு நினைவூட்டியபோது "த செக் இஸ் இன் த போஸ்ட்" என்று ஒருவரி பதில் வந்தது. பணம் பேங்க் வழியாக வரும்போது செக் எங்கே, தபால் எங்கே? அது அவர்கள் ஊரில் சாக்குச் சொல்பவனைக் கிண்டல் செய்யும் பேச்சு. தன் தாமதத்தைத் தானே கேலி செய்துகொண்டிருந்தார். நான் விளக்குவதற்குள் முதலாளி போனை எடுத்துவிட்டார். "எந்த செக்போஸ்ட்டுல நிக்குதுன்னு கேளு தம்பி. வாளையாறா, ஓசூரா? ஆள் இருக்கு, பேசிக்கலாம்."

பையருக்கும் எங்களுக்கும் நடுவில் ஓர் ஏஜென்ட் இருந்தார். இருவரிடமும் கமிஷன் வாங்கினார். அவரைத் தூக்கி எறிந்தால் எவ்வளவு தூரம் போய் விழுவாரோ அந்தத் தூரத்துக்குத்தான் நம்புவேன் என்று பையர் எழுதினார். இதை மட்டும் முதலாளி ஒரே மூச்சில் புரிந்துகொண்டார். ஏஜென்ட் கனத்த உடம்பு. "அசைக்கவே முடியாதே" என்றார். அந்தக் கணக்குப்படி ஒல்லியானவர்களை மட்டும்தான் உலகத்தில் நம்பலாம் போலிருக்கிறது.

இங்கிலீஷ்காரரையே சொல்லிக்கொண்டிருந்தால் ஓரவஞ்சனை ஆகிவிடும். இந்தப் பக்கம் என்ன வாழ்கிறது? எங்கள் சாயப்பட்டறைக்காரர் வந்தால் வாசலிலேயே தெரியும், மணிக்கட்டு வரை ஏதாவது ஒரு நிறத்தில் இருப்பார். பையர் ஒப்புக்கொண்ட லேப் டிப், அதாவது சாய மாதிரித் துண்டு, ஒரு சிவப்பு; அவர் கொண்டுவந்த துணி செங்கல். மறுபடி சாயம் போட்டுத் தர எத்தனை நாள் என்றால், "நாளைக்குக் காலையில மொத வேல உங்குளுதுதானுங்ணா" என்பார். அந்த நாளை எந்தக் காலண்டரிலும் இல்லை. முதலாளி பேசாமல் சுவரைக் காட்டுவார். சுவரில் மாரியம்மன் படம், கீழே பித்தளைத் தட்டு. சாயப்பட்டறைக்காரர் சூடத்தை வைப்பார், பற்ற வைப்பார், எரிகிற சூடத்தை நீலம் பாரித்த உள்ளங்கையால் சத்தென்று அடித்து அணைப்பார். "ஆத்தா மேல சத்தியமா வெள்ளிக்கிழம."

இதை நான் பையருக்கு எப்படி எழுதுவது? சாயப்பட்டறை தரப்பில் உறுதி அளித்திருக்கிறார்கள் என்று எழுதி முடித்துவிடுவேன். ஆபீஸுக்குள் நெருப்பு வைத்துக் கையால் அணைத்துத்தான் உறுதி வாங்கினோம் என்று நடந்ததை நடந்தபடி எழுதினால், அடுத்த வாரமே தீ பாதுகாப்பைப் பார்க்க கம்ப்ளையன்ஸ் ஆடிட்டர் வந்து இறங்குவார்.

சத்தியத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. வெள்ளைக்காரக் குழந்தைகள் நெஞ்சில் சிலுவை போட்டு, பொய் சொன்னால் நான் சாகட்டும் என்கிறார்கள். போகிற உயிர் சொந்த உயிர். நாம் அப்படியா? அம்மா மேல சத்தியம், பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம், பிள்ளையப் போட்டுத் தாண்டறேன். வாக்குக் கொடுப்பது நாம், பணயம் வீட்டில் இருப்பவர்கள். சாயப்பட்டறைக்காரர் இதுவரை தன் உயிரை ஒருமுறைகூட அடகு வைத்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமையும் சரக்கு வரவில்லை. வைகாசி மாதம், மாரியம்மன் திருவிழா, கம்பம் அமராவதி ஆற்றுக்குப் போகிற சமயம், பட்டறையில் ஒரு ஆள் இல்லை. ஆத்தா மேல் அடித்த சத்தியத்தை ஆத்தா திருவிழாவே சாப்பிட்டுவிட்டது. அவளே சாட்சி, அவளே காரணம். யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

ஏமாந்த பிறகு பேசும் பேச்சில் மட்டும் நாம் ஒரு படி மேல். அவர்கள் தோட்டத்துப் பாதையில் கூட்டிக்கொண்டு போனான் என்று வாக்கிங் போனதைப் போலச் சொல்கிறார்கள். நமக்கு அல்வா கொடுத்தான், நாமம் போட்டான், காதில் பூச் சுற்றினான். ஏமாந்தவனும் ஏதோ விசேஷத்துக்குப் போய்வந்தவன் மாதிரித்தான் இருப்பான்.

எழுத்தில் தரப்பட்ட வாக்கு தினமும் நம் சட்டைப் பையில் இருக்கிறது. ரூபாய் நோட்டை விரித்துப் பாருங்கள், இதை வைத்திருப்பவருக்கு இத்தனை ரூபாய் தர உறுதியளிக்கிறேன் என்று ரிசர்வ் பேங்க் கவர்னர் கையெழுத்துப் போட்டிருப்பார். இங்கிலாந்து நோட்டிலும் இதே வாக்கு, கேட்டவுடன் தருகிறேன் என்று கூடுதலாக ஒரு வார்த்தை. அங்கே பேங்கின் தலைமைக் காசாளர் கையெழுத்தே போதுமாம், இங்கே கவர்னரே இறங்கி வர வேண்டியிருக்கிறது. நம் ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் அந்த வாக்கு கிடையாது. அதை வெளியிடுவது ரிசர்வ் பேங்க் இல்லை, மத்திய அரசு. நிதித்துறைச் செயலாளர் கையெழுத்து மட்டும் இருக்கும். "ஒத்த ரூவாய்க்கு எவன் சத்தியம் பண்ணுவான்?" என்று முதலாளி அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்தார்.

முதலாளி மகள் சட்டம் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் ஒருநாள் ஆபீஸில் உட்கார்ந்து, பையர் மெயில்களைப் படித்துச் சிரித்துவிட்டு, காண்ட்ராக்ட் பாடத்தில் முதலில் நடத்தும் கேஸைச் சொன்னாள். 1891இல் லண்டனில் ஒரு கம்பெனி, கார்பாலிக் பொடி அடைத்த ரப்பர் பந்து விற்றது. குழாயை மூக்கில் வைத்துப் பந்தைப் பிதுக்க வேண்டும். தினம் மூன்று வேளை, இரண்டு வாரம். அப்படியும் இன்ஃப்ளுயன்சா வந்தால் 100 பவுண்ட் தருகிறோம், எங்கள் பேச்சில் உண்மை இருப்பதற்கு அத்தாட்சியாக 1000 பவுண்ட் பேங்கில் போட்டு வைத்திருக்கிறோம் என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தது. லூயிசா கார்லில் என்ற பெண்மணி வாங்கினார், நவம்பரிலிருந்து ஜனவரி வரை விடாமல் பிதுக்கினார், காய்ச்சல் வந்து படுத்தார். பணம் கேட்டு வக்கீலான கணவர் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. கடைசியில் வந்த பதிலில், பித்தலாட்டக்காரர்களிடமிருந்து கம்பெனியைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருப்பதால் அம்மணி தினமும் ஆபீஸுக்கு வந்து எங்கள் கண்ணெதிரே பிதுக்கிக் காட்ட வேண்டும் என்றிருந்தது.

"அது யாரு, நம்ம சாயப்பட்டறைக்குச் சொந்தமா?" என்றார் முதலாளி.

கேஸ் கோர்ட்டுக்குப் போனது. விளம்பரத்தில் சொன்னதெல்லாம் சும்மா ஊதிவிட்டது, அதைப் போய் வாக்கு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கம்பெனி வக்கீல் வாதாடினார். அப்பீல் கோர்ட் ஒப்புக்கொள்ளவில்லை. பேங்கில் 1000 பவுண்ட் போட்டேன் என்று சொன்னாய் அல்லவா, ஊதுகிறவன் அப்படிச் சொல்ல மாட்டான், பணத்தை எடுத்து வை என்று தீர்ப்பு.

முதலாளிக்கு இங்கிலீஷ்காரர் மேல் முதல்முறையாக மரியாதை வந்தது. "சூடம் அடிச்சிருந்தான்னாத் தப்பிச்சிருப்பான். பேங்குல காசப் போட்டான், மாட்டிக்கிட்டான்" என்றார். "அந்தம்மா அப்புறம் என்ன ஆச்சு சாமி?"

100 பவுண்டை வாங்கிக்கொண்டு கார்லில் அம்மையார் அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு இருந்தார். 1942இல், 96 வயதில் இறந்தார். டாக்டர் சொன்ன காரணங்கள் இரண்டு: முதலாவது முதுமை, அடுத்தது இன்ஃப்ளுயன்சா.