எட்ட நின்று பார்ப்போம்

நான் பொன்னேரியில் படித்த எண்பதுகளில் பழவேற்காடு என்றால் மீனும் நண்டும்தான். ஏரிப் பக்கம் போகிறேன் என்றால், "இறால் வாங்கவா?" என்பார்கள். பூநாரை பார்க்கப் போகிறேன் என்று சொன்னால், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். இன்று டிசம்பர், ஜனவரி ஞாயிறுகளில் விடியும் முன்பே சென்னையிலிருந்து கார்கள் வந்து நிற்கின்றன. குழந்தைகள்கூடக் கழுத்தில் பைனாகுலருடன் இறங்குகிறார்கள். அதைப் பார்த்து மனம் நிறைகிறது. ஆனால் யாரும் கண்டுகொள்ளாத காலத்தில் கரையோரம் மேய்ந்த பறவைகள், எல்லோரும் பார்க்க வரத் தொடங்கியதும் தூரத்துக்குப் போய்விட்டன.

அன்று என்னை ஏரிக்கரையில் நடக்கப் பழக்கியவர் அப்பாவின் நண்பர். வலை போட்டுப் பிழைத்தவர். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நேரா நடக்காத தம்பி, சுத்திப் போ. அதுங்க தலைய தூக்குனா அப்படியே நின்னுடு. திரும்ப மேய ஆரம்பிச்சாத்தான் காலை எடுக்கணும்."

நின்றால் காலடியிலேயே உலகம் தெரியும். ஈரச் சேற்றில் வளைவளையாக இருக்கும். சற்று நேரம் அசையாமல் இருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் விரல்நுனி அளவு நண்டு எட்டிப் பார்க்கும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்கே பொருந்தாத அளவுக்குப் பெரிது. அதை உயர்த்தி உயர்த்தி ஆட்டிக்கொண்டே, சின்னக் கொடுக்கால் சேற்றை அள்ளி வாயில் வைக்கும். இரையைப் பிரித்துக்கொண்டு, மிச்ச மண்ணைச் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கீழே போட்டுவிடும். நம் நிழல் அசைந்தால் அத்தனையும் ஒரே நொடியில் வளைக்குள்.

கொஞ்சம் தள்ளி, இருளர் பெண்கள் தண்ணீரில் குனிந்து கையாலேயே இறால் தடவிப் பிடிப்பார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியிருப்பார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே நெடுங்கால் உள்ளான்கள் நடமாடும், கூழைக்கடாக்கள் மிதக்கும். எந்தப் பறவையும் பதறியதில்லை. மெதுவாக, தாழ்வாக, தன் வேலையில் கருத்தாக இருப்பவரைப் பறவை சகித்துக்கொள்கிறது.

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஆரணி ஆறும் காளங்கியும் கொண்டுவரும் நன்னீர், முகத்துவாரம் வழியே ஏறும் கடல்நீரோடு இங்கே கலக்கிறது. பல இடங்களில் ஆழம் குறைவு என்பதால் பூநாரை நின்றபடியே மேய முடிகிறது. தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே இருக்கும்படி நீரில் அமிழ்த்தி, நாக்கால் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புபோல் இருக்கும் தடுப்பில் சிற்றுயிர்கள் தங்கும். அந்த இரையில் உள்ள நிறமிதான் அதன் சிறகைச் சிவப்பாக்குகிறது. இந்தியாவில் அது பெருமளவில் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் உப்புவெளியில். இங்கே வருவது வயிறு நிரப்ப. மேய விடாமல் விரட்டினால், வந்த காரியமே கெட்டுப்போகிறது.

சென்ற பனிக்காலத்தில் ஏரிக்கரையில் அண்ணாமலைச்சேரிப் பக்கம் நடந்தபோது யாரோ ட்ரோன் பறக்கவிட்டார்கள். கவிழ்ந்திருந்த தலைகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தன. பூநாரையால் நின்ற இடத்திலிருந்து சட்டென்று எழும்ப முடியாது. தண்ணீரில் ஓடித்தான் பறக்கும். மொத்தக் கூட்டமும் ஓடி எழுந்தது. சிவப்பும் கறுப்புமாகச் சிறகுகள் விரிந்தன. கரையில் கைதட்டினார்கள். அந்தப் படம் அழகாகவே வந்திருக்கும். ஆனால் அதில் இருப்பது உயிர்ப்பயம்.

தமிழகப் பகுதியை அரசு 1980இல் பறவைகள் சரணாலயமாக்கியது. சட்டம் வேட்டையைத் தடுக்கும். ஆசையோடு நெருங்குகிற காலை அது தடுக்காது. அதை நாம்தான் தடுக்க வேண்டும். இந்தப் பனிக்காலத்தில் பழவேற்காடு போகிறவர்கள் ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். குழந்தைகளோடு கரையிலேயே நில்லுங்கள். பறவை தலை நிமிர்ந்தால் ஓர் அடிகூட முன்னால் வைக்காதீர்கள். அது மேய்வதைப் பார்த்துவிட்டு, மேய்ந்துகொண்டிருக்கும்போதே திரும்பி வாருங்கள்.